மருதமுனைக் கைத்தறிச் சாரி விக்க பேஸ்புக்கில என்ன செய்யலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும்.

கிழக்கிலங்கை மருதமுனையில எங்கட ராத்தா (அக்கா) வீட்டிலயே தறி போட்டு சாரியும் சாறனும் நெய்யிறா. கடைக்குக் குடுத்தா கூலிதான் மிஞ்சுது. அதனால பேஸ்புக் பேஜ் ஒண்டு திறந்து நேரடியா விக்கிறம்.

பெரிய பிரச்சினை நிறம். மஞ்சள் சாரியில மெரூன் கரை; டியூப் லைட்டில எடுத்தா கரை கறுப்பாத் தெரியுது, முத்தத்து வெயில்ல எடுத்தா மஞ்சள் வெளிறிப் போகுது. காலையில ஜன்னல் பக்கம் விரிச்சு எடுத்தா கொஞ்சம் பரவால்ல. 'படத்தில வேற நிறம்' எண்டு திருப்பி அனுப்பினா கூரியர் காசு எங்கட தலையில. சாதாரண போனில உள்ள நிறத்தை அப்படியே எடுக்க என்ன வழி?

மற்றது, பூஸ்ட் (காசு கட்டி பேஸ்புக்கில விளம்பரம்) பண்ணக்குள்ள கொழும்பு, கண்டி எண்டு இடம் பிரிச்சுப் போடுறதா, முழு இலங்கைக்குமா? பெருநாளுக்கு எவ்வளவு முந்தித் தொடங்கணும்?

வட்ஸ்அப் பிஸ்னஸ் கெட்டலொக்கில விலையோடதான் போட்டிருக்கம். 'விலைக்கு இன்பொக்ஸ் வாங்க' எண்டு சொல்றது வாங்குறவங்களுக்கு அலைச்சல், அதை நாங்க செய்யமாட்டம்.

தறி ஓடுற வீடியோவை ஆக்கள் நல்லாப் பாக்குறாங்க, ஆனா ஆர்டர் வாறது குறைவு. பாக்குறவங்களை வாங்க வைக்கிறது எப்படி எண்டு, செய்து பாத்தவங்க தயவுசெய்து சொல்லுங்க.