பேமிலி டைம்ல என்ன உடுத்தலாம்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

மார்த்தாண்டத்திலிருந்து, திரியைத் தொடங்கியவர்:

போன மே மாசம் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகல்ல, அதான் எழுதுறேன்.

அண்ணனும் மயினியும் துபாய்ல இருந்து ஒரு மாச லீவுக்கு வந்திருந்தாங்க. பிள்ளைங்க கேட்டுச்சுன்னு நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் நீச்சல் குளத்துக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணியில இருந்து 6 மணி வரை அங்க பேமிலி டைம். ஆம்பிளை, பொம்பிளை, பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து இறங்கலாம். நான் எப்பவும் போல கரையில, எல்லாருக்க தோர்த்தையும் மடியில வச்சுட்டு உக்காந்திருந்தேன்.

மயினி போட்டிருந்தது கருநீலத்துல ஒரே துண்டா உள்ள நீச்சல் உடை. கை கிடையாது, இடுப்பைச் சுத்தி சின்னதா ஒரு பாவாடை மாதிரி இருந்துச்சு, முழங்காலுக்கு மேல தொடை பாதி தெரியும். அவங்க துபாய்ல வாரத்துக்கு மூணு நாள் நீந்துறவங்க. ஆறு வயசு மகனைத் தண்ணியில மல்லாக்கப் போட்டு, பிடரியில கை குடுத்து மிதக்கச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. எதிர்க்கரையில இருந்த ஒரு அக்கா வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்னமோ சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல மேனேஜர் வந்தார். அவர் மயினிகிட்ட போகல்ல, என்கிட்ட வந்தார். "உங்க கூட வந்தவங்களை மேல ஒரு டீ-ஷர்ட் போடச் சொல்லுங்க, குடும்பமா வர்ற இடம்." அவருக்குப் பின்னாலயே போர்டு இருந்துச்சு: பருத்தி உடையோடு குளத்தில் இறங்கக் கூடாது. அதே தண்ணிக்குள்ள வெறும் ஜட்டியோட நாலு ஆம்பிளைங்க. அதுல ஒருத்தர் வெள்ளை ஜட்டி. அவங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லல்ல.

மயினி ஒரு வார்த்தை பேசாம ஏறி வந்து தோர்த்தைச் சுத்திக்கிட்டாங்க. மகன் தண்ணிக்குள்ள நின்னு, "ஏன் அம்மா வெளிய போன?"ன்னு கேட்டுட்டே இருந்தான். நான் மேனேஜர்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல. தலையை ஆட்டிட்டு நின்னேன். அந்தத் தலையாட்டல்தான் இப்பவும் உறுத்துது.

எதை வேணும்னாலும் போட்டுட்டு இறங்கலாம்னு நான் சொல்ல வரல்ல. எது முறை, அதை யார் முடிவு பண்றது? உங்களுக்கு இப்படி நடந்திருந்தா சொல்லுங்க.

நாகர்கோவில், நீச்சல் பயிற்சியாளர்:

பதினைந்து வருஷமா பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறேன். முதல்ல துணியைப் பற்றிச் சொல்லிடுறேன், பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குது.

பருத்தி தண்ணியைக் குடிக்கும். நனைஞ்ச டீ-ஷர்ட்டைப் பிழிஞ்சு பாருங்க, எவ்வளவு தண்ணி வருதுன்னு. அவ்வளவு எடையையும் தோள்ல தூக்கிட்டு ஒரு புதுப்பிள்ளை கை வீசணும். நூல் பிரிஞ்சு வடிகட்டியில போய் அடைக்கும். துணியில ஒட்டியிருக்கிற சோப்பும் வியர்வையும் குளத்துக் குளோரினைத் தின்னும். நைலானோ பாலியெஸ்டரோ எலாஸ்டேன்ங்கிற இழுபடுற நூல் கலந்து நெய்த துணி தண்ணியை அவ்வளவாப் பிடிக்காது, உடம்போட நிக்கும், மேல ஏறிச் சுருளாது. வெளிர் நிறப் பருத்தி நனைஞ்சா உள்ளே இருக்கிறது எல்லாம் தெரியும். அந்த மேனேஜர் போடச் சொன்ன டீ-ஷர்ட் மயினி போட்டிருந்த உடையைவிட மோசமாத்தான் இருந்திருக்கும்.

அளவைப் பற்றியும் ஒண்ணு. சர்வதேசப் போட்டிகள்ல 2010 ஜனவரியில இருந்து உள்ள விதிப்படி ஆண்கள் உடை தொப்புளுக்குக் கீழே தொடங்கி முழங்காலுக்குள்ளே முடியணும். பெண்கள் உடை தோள்ல இருந்து முழங்கால் வரை போகலாம். அதாவது போட்டிக்குப் போற பெண்ணே முழங்கால் வரை மூடிட்டு நீந்தலாம். நீந்துறதுன்னா உடம்பைக் காட்டியே ஆகணும்னு நினைக்கிற பெற்றோர் இதைத் தெரிஞ்சுக்கணும்.

எனக்கு நடந்தது இது. நல்லா நீந்துற ஒரு பிள்ளை, பன்னிரண்டு வயசு ஆனதும் வர்றது நின்னுபோச்சு. அப்பாவைப் பார்த்து விசாரிச்சேன். "கரையில நின்னு பாக்கிற நாலு பேரு வாய மூட முடியுமா சார்?"னார். முழங்கால் வரை, முழங்கை வரை உள்ள உடை ஒண்ணு வரவழைச்சுக் கொடுத்தேன். திரும்ப வந்தா. இப்ப 50 மீட்டரை நிக்காம நீந்துறா. உடையை மாத்தி ஒரு பிள்ளையைத் தண்ணிக்குள்ள கொண்டுவர முடிஞ்சா, அதுக்கு நான் எப்பவும் தயார். ஆனா அந்த நாலு பேர் கரையிலேயே நிக்கிறாங்க, அவங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலை. அது எனக்குத் தீராத வருத்தம்.

குலசேகரம், இரண்டு பிள்ளைகளின் அப்பா:

நான் கொஞ்சம் மாறிப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க.

அம்மைக்கு வயசு அறுபத்தெட்டு. பேரப்பிள்ளைகள் நீந்துறதைப் பாக்கணும்னு ஆசைப்பட்டதால ஒரு ரிசார்ட் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு ஜோடி, வெளியூர்க்காரங்க. அந்தப் பெண் இரண்டு துண்டு உடையில இருந்தாங்க. தப்பா ஒண்ணும் நடந்துக்கல்ல, அவங்க பாட்டுக்கு இருந்தாங்க. ஆனா அம்மைக்கு முகத்தை எங்க வைக்கணும்னு தெரியல்ல. பத்து நிமிஷத்துல "மக்ளே, போவோமா?"ன்னு கேட்டாங்க. பேமிலி டைம்னு போட்டா வயசானவங்களும் அதுல சேர்த்திதானே. அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் மூடின உடை போடுங்கன்னு கேக்கிறது எனக்குத் தப்பாத் தோணல்ல.

ஆனா ஆம்பிளைக்கு ஒரு நியாயம், பொம்பிளைக்கு ஒரு நியாயம் கூடாது. எங்க வீட்டுல இருந்து திற்பரப்பு பக்கம்தான். அருவியில பொம்பிளைங்களுக்குத் தனி இடம் உண்டு, இருந்தாலும் நடந்து போற வழி எல்லாருக்கும் ஒண்ணுதான். எண்ணெய் தேய்ச்சுட்டு வெறும் ஜட்டியோட கைப்பிடிச் சுவர்ல வரிசையா உக்காந்திருப்பாங்க. ஒருதடவை மகளைக் கையில பிடிச்சுட்டு அந்த வழியாப் போகும்போது, "அண்ணாச்சி, ஒரு சாரமோ தோர்த்தோ கட்டிக்கிடுங்க, பிள்ளைங்க போற வழி"ன்னு சொன்னேன். இரண்டு பேர் கட்டினாங்க. ஒருத்தர் "அருவிக்குக் கோட்டு போட்டுட்டா வருவாங்க?"ன்னு சண்டைக்கு வந்தார். அதே மனுசன் மயினி உடையைப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு யோசிச்சுக்கிடுங்க.

முட்டம்:

எங்களுக்குக் குளம் கெடையாது, கடல்தான். சொத்தவிளையில ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணால கண்டது.

ஒரு குடும்பம் சேலையோடயே இறங்கிச்சு. தொடை வரைக்கும்தான் வெள்ளம். அலை அடிச்சுத் திரும்பும்போது கால்ல மணலை அரிக்கும், அது தெரியாதவங்க நிலை தவறிருவாங்க. ஒரு அம்மா விழுந்தாங்க. அஞ்சரை மீட்டர் சேலை காலைச் சுத்திக்கிட்டு எழும்ப விடல்ல. அடுத்த அலை மேல வந்துட்டு. எனக்க மாப்பிளயும் கொழுந்தனும் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. கரைக்கு வந்து, மூச்சு திரும்பினதும் அந்த அம்மா மொதல்ல செஞ்சது மாராப்பைத் தேடினது. இருமிக்கிட்டே தேடினாங்க. எனக்கு அழுகை வந்துட்டு.

சுடிதார் போடுற பிள்ளைங்களும் துப்பட்டாவைக் கழுத்துல சுத்திட்டே இறங்குதுங்க. கடல்ல இறங்கும்போது துப்பட்டாவைக் கரையில வச்சுட்டு இறங்குங்க மக்களே. யாரு என்ன சொன்னாலும் பரவாயில்ல.

இன்னொண்ணு. ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில முக்கடல் கூடுற இடத்துல அவ்வளவு கூட்டம் முங்குது. நனைஞ்ச சேலை உடம்போட ஒட்டித்தான் கெடக்கும். அங்க யாரும் யாரையும் ஏறெடுத்துப் பாத்து நான் கண்டதில்ல. பாக்கக் கூடாதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியுது.

இரணியல், ஓய்வுபெற்ற ஆசிரியை:

முட்டத்துத் தங்கை கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் சிறு வயதில் எங்கள் ஊர்க் குளத்தில்தான் எல்லோரும் குளித்தோம். ஆண்களுக்கு ஒரு துறை, பெண்களுக்கு ஒரு துறை. இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, பார்த்தால் தெரியும் தூரம்தான். பாவாடையை மாருக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு என் பாட்டி, அம்மா, சித்திமார் எல்லோரும் அக்கரை வரை நீந்துவார்கள். தோளும் முதுகும் வெறுமையாகத்தான் இருக்கும், முழங்காலும் தெரியும். இன்று அந்த மயினி போட்டிருந்த உடைக்கும் அதற்கும் அளவில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. வரப்பு வழியாக வரும் ஆண்கள் வளைவிலேயே ஒரு கனைப்புக் கொடுப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போவார்கள். திரும்பிப் பார்த்தவனை என் பாட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏசியதும் நினைவிருக்கிறது. நடந்துகொள்ளும் பொறுப்பு அன்று கரையில் நடப்பவனுக்கும் இருந்தது.

அதற்கும் முந்தைய கதை உங்களில் பலருக்கும் தெரியும். நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசோடு இருந்த காலம். நாடார் பெண்களும் வேறு பல சாதிப் பெண்களும் மாரை மறைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுச் சந்தைக்கு வந்தவர்களின் உடையைக் கிழித்தார்கள். 1820-களில் பள்ளிகளையும் ஆலயங்களையும் கொளுத்தினார்கள். 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசாணை வந்த பிறகுதான் நாடார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இந்த உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டை 2023 மார்ச் 6-ஆம் தேதி நாகர்கோவிலில் நினைவுகூர்ந்தபோது நானும் என் மகளும் போயிருந்தோம்.

அந்தப் பெண்கள் மறைப்பதற்காக அடி வாங்கினார்கள். மூடு என்று மேனேஜரை விட்டுச் சொல்ல வைப்பதும், மூடாதே என்று ஆள்வைத்துக் கிழித்ததும் ஒரே எடையுள்ள கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று உயிரையும் மானத்தையும் கேட்டது, மற்றது ஒரு சாயங்காலத்தைக் கெடுத்தது. ஆனால் இரண்டிலும் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. மேனேஜர் மயினியிடம் பேசாமல் உங்களிடம் வந்தார் பாருங்கள், அந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது.

தக்கலை:

எங்களுக்கு நேர்எதிர் அனுபவம்.

உம்மாவுக்கு முட்டுவலி. தண்ணிக்குள்ள நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க. காக்கா, அதான் என் அண்ணன், சவூதியில இருந்து புர்கினி வாங்கி அனுப்பினாங்க. தலையில இருந்து கணுக்கால் வரை மூடும், துணி அசல் நீச்சல் துணிதான், பாலியெஸ்டர். ஆஸ்திரேலியாவுல அஹேதா சனெட்டிங்கிற பெண் 2004-ல உருவாக்கின உடை அது. காசு கட்டி, மேல் கழுவி, உம்மா படியில கால் வைக்கும்போது "சாதா டிரெஸ்ஸோட இறங்கக் கூடாது"ன்னு தடுத்துட்டாங்க. துணியைத் தொட்டுப் பாருங்கன்னு உறையில இருந்த சீட்டைக் காட்டினேன். கேக்கல்ல. உம்மா என் கையை அழுத்தி "விடு மோளே"ன்னாங்க.

2016-ல பிரான்சுல சில கடற்கரை ஊர்கள் இதே உடைக்குத் தடை போட்டு, அப்புறம் அந்த நாட்டு உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் தடையை நிறுத்தி வச்சுது. அதைச் செய்தியில பார்த்தப்போ நம்ம ஊர்ல இதெல்லாம் வராதுன்னு நினைச்சிருந்தேன்.

இன்னொண்ணு யாருமே சொல்லல்லியே, போன். நாங்க திரும்பி நடக்கும்போது கரையில ஒருத்தர் மகனை வீடியோ எடுக்கிறேன்னு குளம் முழுக்கப் போனைச் சுத்திட்டு இருந்தார். உம்மா முழுசா மூடியிருந்தும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. எந்த உடை போட்டிருந்தாலும் அந்தப் போன்ல இருந்து தப்ப முடியாது.

மார்த்தாண்டம், திரியைத் தொடங்கியவர்:

எல்லாரும் எழுதினதை மயினிக்கு அனுப்பினேன். டீச்சர் எழுதினதை இரண்டு தடவை வாசிச்சாங்களாம்.

போன சனிக்கிழமை நான் மட்டும் அந்தக் குளத்துக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். சண்டைக்குப் போகல்ல. அன்னைக்கு நீங்க ஏன் அவங்ககிட்ட நேரா பேசல்லன்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பொம்பிளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல்ல"ன்னார். ஜட்டியோட இருந்தவங்ககிட்ட ஏன் சொல்லல்லன்னு கேட்டதுக்கு, யாரும் புகார் சொல்லல்லன்னார். நான் இப்ப சொல்றேன், எழுதிக்கிடுங்கன்னேன். எழுதினார்.

ஒரு மணி நேரம் பேசினோம். கோச் அண்ணன் எழுதின துணி விவரம், தக்கலை அக்கா உம்மாவுக்கு நடந்தது எல்லாம் காட்டினேன். புதுப் போர்டு வைக்கிறேன்னு சொல்லியிருக்கார். நைலான், பாலியெஸ்டர் நீச்சல் உடை எந்த நீளத்துலயும் போடலாம், தலை மூடினதும் சரி. ஆம்பிளைங்களுக்குத் தொடை மூடுற நீச்சல் ஷார்ட்ஸ், உள்ளாடை கூடாது. பேமிலி டைம்ல மட்டும் இரண்டு துண்டு உடை வேண்டாம். குளத்துக் கரைக்குப் போன் கொண்டுவரக் கூடாது, மீறினா யாரா இருந்தாலும் வெளிய. இரண்டு துண்டு விஷயத்துல எனக்கு முழுச் சம்மதம் இல்ல. குலசேகரம் அண்ணன் அம்மையை நினைச்சுச் சரின்னுட்டேன். வாசல்லயே எழுதியிருந்தா வர்றவங்க தெரிஞ்சு வருவாங்க, தண்ணிக்குள்ள வச்சு யாரையும் கூப்பிட வேண்டி வராது. ஆள் வச்சுச் சொல்லணும்னாலும் ஒரு பொம்பிளை ஸ்டாஃப் சொல்லட்டும்னு கேட்டிருக்கேன். பாக்கலாம்னார்.

கோச் அண்ணன்கிட்ட ஒரு கேள்வி. அந்த முழங்கால், முழங்கை வரை உள்ள உடை பெரியவங்களுக்கும் கிடைக்குமா? எனக்கு 42 சைஸ் வேணும். நாகர்கோவில்ல எந்தத் தெருவுல தேடணும், இல்ல வரவழைக்கத்தான் செய்யணுமா? எனக்கு நீச்சல் தெரியாது, வயசு நாப்பத்தொண்ணு. மயினி அடுத்த லீவுக்கு டிசம்பர்ல வர்றாங்க.