மனுவல் தெரபியில ரிசர்ச் செய்யப் போகலாமா?

பரந்தன்பிள்ளை:
வணக்கம். நான் பேராதனையில பிசியோ கடைசி வருசம். மனுவல் தெரபியில, அதாவது கையால அமத்தி அசைச்சுச் செய்யுற பிசியோ சிகிச்சையில தான் விருப்பம், கிளினிக்கோட நிக்காம ரிசர்ச் பக்கம் போக ஆசை. அம்மா எண்டா "நாரி நோவுக்கு உருவி விட முறிவு நெரிவு வைத்தியர் இருக்கிறார் தானே, இதுக்கு ஏன் பிஎச்டி" எண்டு கேக்கிறா 😀 உண்மையா அதில ஆராய என்ன கிடக்கு, சொல்லுங்கோ.

சிட்னிக்காரன்:
தங்கச்சி, அம்மா கேட்டது நல்ல கேள்வி. முந்தி எலும்பு விலகிட்டுது, நாங்கள் திருப்பி வைக்கிறம் எண்டு தான் கனபேர் விளங்கப்படுத்தினவை. இப்ப ஆராய்ச்சி செய்யுறவை அதைப் பெரிசா நம்புறேல்ல, 2009 இல பியலோஸ்கி எண்ட ஆராய்ச்சியாளர் ஆக்கள் போட்ட மொடல்படி கையால குடுக்கிற அழுத்தம் நரம்பு மண்டலத்தைத் தூண்டித்தான் நோ குறையுது, நோயாளி சுகம் வரும் எண்டு எதிர்பார்க்கிறதுக்கும் அதில பங்கு இருக்கு. அப்ப எது கையால வந்தது, எது நம்பிக்கையால வந்தது எண்டு பிரிக்கோணும், அங்க தான் தலையிடி. குளிசை எண்டா வெறும் குளிசை குடுத்து ஒப்பிடலாம். தான் செய்யுறது உண்மைச் சிகிச்சையோ பொய்ச் சிகிச்சையோ எண்டு செய்யுற பிசியோவுக்குத் தெரியாமப் பண்ணேலுமே? பிசியோ ஆராய்ச்சிகளைச் சேத்து, எவ்வளவு ஒழுங்காச் செய்தவை எண்டு புள்ளி போடுற பெட்ரோ தரவுத்தளம் இலவசம், போய்ப் பார், சிகிச்சை குடுக்கிறவருக்குத் தெரியாம வச்சதுக்கான அந்த ஒரு புள்ளி அநேகமா எல்லாருக்கும் பறிபோயிருக்கும்.

வவுனியா பிசியோ:
அண்ணை சொல்றது சரி, ஆனா பிள்ளை முதல் கொஞ்சக் காலம் வார்ட்டிலயும் கிளினிக்கிலயும் நிண்டு கை பழகட்டும். மருந்து டாங்கியை முதுகில சுமந்து வயலுக்கு அடிச்சுப்போட்டு வாற ஐயாவைக் குப்புறப் படுக்க வச்சு ரெண்டு பிசியோ தனித்தனியா முள்ளந்தண்டை அமத்திப் பாத்தா ஒராள் ஒரு எலும்பைக் காட்டுவார், மற்றாள் வேறொண்டைக் காட்டுவார். அதையே புரொஜெக்ட்டா எடுக்கலாம். இன்னொண்டு, நாரி நோவால அன்றாட வேலை எவ்வளவு தடைப்படுது எண்டு அளக்கிற ஒஸ்வெஸ்ட்ரி படிவம் கதிரையில எவ்வளவு நேரம் இருப்பியள் எண்டு கேக்குது, நாள் முழுக்கக் குனிஞ்சு களை பிடுங்குற எங்கட சனத்திட்ட அதைக் கேட்டு என்ன பிரயோசனம்? குடும்ப வாழ்க்கையைப் பற்றியும் ஒரு கேள்வி கிடக்கு, அதை நிரப்பின அம்மாவை நான் இன்னும் காணேல்ல.

பரந்தன்பிள்ளை:
நன்றி ரெண்டு பேருக்கும். படிவ விசயத்தை சுப்பவைசரோட கதைக்கிறன். அண்ணை, மாஸ்டர்ஸ் இல்லாம நேர பிஎச்டிக்கு எடுப்பினமே?

சிட்னிக்காரன்:
ரிசல்ட்டும் ரிசர்ச்சும் நல்லா இருந்தா சில இடத்தில எடுப்பினம். யூனியைத் தேடாத, முதல் சுப்பவைசரைப் பிடி.