கலைச்சொல் கேட்பு: பல் ஸ்கேன் துண்டறிக்கைக்கு ஒரு சொல்

பாளையங்கோட்டை, பல் மருத்துவர்:

குழுவில் உள்ள பெரியவர்களுக்கு வணக்கம். வள்ளியூர்ப் பக்கம் பள்ளிகளில் பல் முகாம் நடத்தப் போகிறோம். பெற்றோர் கையில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, எக்ஸ்ரே கதிர் உடம்பில் படுவதைச் சொல்லும் 'எக்ஸ்போஷர்' ஒன்றுதான் நிற்கிறது. கணினி மொழிபெயர்ப்பு 'கதிர்வீச்சு வெளிப்பாடு' என்று தருகிறது. அதைப் படித்த எங்கள் கிளினிக் அக்கா, "பல்லுல இருந்தா கதிர் வெளிய வருது டாக்டரம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான்.

சொல்ல வேண்டிய செய்தி இது. ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில் சுமார் 5 மைக்ரோசீவர்ட் (உடம்பு ஏற்கும் கதிரை அளக்கும் அலகு சீவர்ட், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட்). தாடை முழுவதும் தெரியும் ஓபிஜிக்கு ஏறக்குறைய 20. கோன் பீம் சிடி என்ற 3டி ஸ்கேனுக்கு, கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்து, சில பத்துகளிலிருந்து சில நூறுகள் வரை போகும். மண், காற்று, வானம், சாப்பாடு வழியாக உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2400 மைக்ரோசீவர்ட் எப்படியும் சேர்கிறது. அப்படிப் பார்த்தால் சின்ன எக்ஸ்ரே ஒரு நாள் கணக்குக்கும் குறைவு. குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வளரும் திசு, முன்னால் நீண்ட ஆயுள். பயமுறுத்தாமலும் மறைக்காமலும் இதைச் சொல்ல வேண்டும்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டாக்டரம்மாவுக்கு வாழ்த்துகள். சொல் நம்மிடமே இருக்கிறது: கதிர்ப்பாடு.

படு என்னும் வினையடியிலிருந்து முதல்நிலை நீண்டு பாடு. தொல்காப்பியர் நெய்தலுக்குச் சிறுபொழுது வகுக்கும்போது 'எற்பாடு' என்கிறார். எல் என்றால் ஒளி, ஞாயிறு. அது படுவது எற்பாடு. ஒளியோடு பாடு சேர்ந்த சொல் அவர் காலத்திலேயே உண்டு என்றால் நாம் ஏன் தயங்க வேண்டும்? படு என்ற அடிக்கு எத்தனை கிளை என்று பாருங்கள். வெயில் படும், கண் படும், மீன் படும், போரில் வீரன் படுவான், அவன் பட்ட இடத்தில் கல் நிற்கும். படுகை, படுகளம், பட்டறிவு எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகளே. தாமிரபரணிப் படுகை என்று தினமும் சொல்கிறோமே, வண்டல் வந்து படுவதால்தான் அது படுகை. அதுபோலவே கதிர் வந்து படுவது கதிர்ப்பாடு.

தென்காசி, இயற்பியல் ஆசிரியர்:

ஐயாவின் எற்பாட்டை ரசித்தேன். ஆனால் 'பாடு' நம் ஊரில் யார் காதில் எப்படி விழும்? "எம்பாடு பெரும்பாடா இருக்கு" என்பார்கள். பெரும்பாடு என்று பெண்களுக்கு வரும் ஒரு நோய்க்கே பெயர் இருக்கிறது. பள்ளி வாசலில் நிற்கும் அம்மாவிடம் 'கதிர்ப்பாடு' என்று தாளை நீட்டினால் அதை வியாதிப் பெயர் என்றே எடுத்துக்கொள்வார். 'கதிர்படல்' போதும். எழுவாய்த் தொடர், வலி மிகாது, ஒற்றுச் சண்டையும் இல்லை.

இன்னொன்று. இயற்பியலில் எக்ஸ்போஷர் என்பது கதிர் காற்றில் உண்டாக்கும் அயனியாக்கத்தின் அளவு. அதன் பழைய அலகு ராண்ட்ஜன். திசு உள்வாங்கும் ஆற்றலுக்கு அலகு கிரே. எந்த உறுப்பு எவ்வளவு பாதிக்கப்படும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சீவர்ட். டாக்டரம்மா தந்த எண்கள் எல்லாம் சீவர்ட்டில் இருக்கின்றன. ஆகவே அவர் தேடுவது 'டோஸ்', அதாவது உடம்பு ஏற்கும் அளவு, என்பதற்கான சொல்.

கூடங்குளம் அருகிலிருந்து, எக்ஸ்ரே டெக்னீஷியன்:

அண்ணாச்சிமார் மன்னிக்கணும். 2011, 2012இல் இடிந்தகரைப் போராட்டத்தைப் பார்த்த ஊர்க்காரன் நான். கதிர், கதிர்வீச்சு என்றால் எங்கள் பக்கம் அணுஉலைதான் முன்னால் வரும். அந்தச் சொல்லைத் தாளில் பார்த்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொத்தைப் பல் சீழ் வைக்கும். என்னிடம் கேட்பவர்கள் "எக்ஸ்ரே உடம்புல எவ்வளவு ஏறும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதையே எழுதுங்கள். கதிரே வேண்டாம்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி சொல்லும் அச்சம் எனக்குப் புரிகிறது. அதற்காகச் சொல்லை ஒளித்து வைத்தால் அச்சம் போகுமா? எக்ஸ்ரேக்கு 'ஊடுகதிர்' என்ற அருமையான சொல் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். வேற்று நாட்டவருக்கு இருந்த நம்பிக்கை கால்டுவெல் வாழ்ந்த சீமையில் நமக்கு இல்லையா?

நாகர்கோவில், நிலவியல் படித்தவர்:

கதிரை அணுஉலையோடு மட்டும் கட்டிவிட வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, அதில் கதிர்வீசும் தோரியம் உண்டு. அந்தக் கரையில் இயற்கையாகவே கதிர் அளவு கூடுதல். அங்கே தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்கிறார்கள். துண்டறிக்கையில் இதற்கும் ஒரு வரி இடம் கிடைத்தால் நல்லது.

பாளையங்கோட்டை, பல் மருத்துவர்:

மோனசைட்டுக்குத் தாளில் இடமில்லை அண்ணாச்சி. ஐயா சொன்ன 'ஒளிக்கக் கூடாது' என்பதில் நான் அவர் பக்கம். ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த சில வாரங்களில் ஜெர்மனியில் வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் வாயிலேயே படம் எடுத்துக்கொண்டார், 25 நிமிடம் அசையாமல் இருந்து. அமெரிக்காவில் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் கையாலேயே ஃபிலிமைப் பிடித்துப் பல ஆண்டு வேலை செய்தார். விரல்களில் புற்றுநோய் வந்தது, அறுவை மேல் அறுவை, கடைசியில் 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதனால் 'ஒன்றுமே இல்லை' என்று எழுத எனக்கு மனம் வராது. இன்றைய அளவு மிகச் சிறியது, தேவை இருந்தால் மட்டும் எடுக்கிறோம் என்று எழுதத்தான் விரும்புகிறேன்.

சங்கரன்கோவில், மொழிபெயர்ப்பாளர்:

எக்ஸ்போஷரை விட்டுவிட்டு 'ரிஸ்க்' பக்கம் வாருங்கள். வரைவில் 'புற்றுநோய் வாய்ப்பு' என்று இருக்கிறது. வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு என்று பழகிய சொல் அது, நோயோடு ஒட்டவில்லை. 'அபாயம்' மின்கம்பத்து மண்டையோட்டை நினைவூட்டும். 'இடர்' பாடநூலில் சரி, ஆனால் பேரிடர் என்றே கேட்டுக் கேட்டு வெள்ளமும் புயலும்தான் தோன்றுகின்றன. என் கருத்து: பெயர்ச்சொல்லே வேண்டாம், வினையாகச் சொல்லுங்கள். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில், ஒரு சீவர்ட் பட்டால் அதனால் புற்றுநோய் வருவது சுமார் 5 விழுக்காடு. அதன்படி 100 மைக்ரோசீவர்ட் படும் 10 லட்சம் பேரில் 5 பேருக்குப் பின்னாளில் அதனால் புற்றுநோய் வரலாம். 'வரலாம்' என்பதில் எல்லாம் அடங்கிவிட்டது.

தென்காசி, இயற்பியல் ஆசிரியர்:

அது பெரிய அளவுகளில், முக்கியமாக ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களிடம் கண்டதைச் சிறிய அளவுகளுக்கு நேர்கோடாக நீட்டிப் போட்ட கணக்கு. 'மதிப்பீடு' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

பாளையங்கோட்டை, பல் மருத்துவர்:

நாளை அச்சு. 'எக்ஸ்ரே கதிர் உடலில் படும் அளவு' என்று போடுகிறேன். கதிரும் இருக்கிறது, எக்ஸ்ரேயும் இருக்கிறது, படுதலும் இருக்கிறது. ரிஸ்க்குக்கு 'வரலாம்', பக்கத்தில் 'மதிப்பீடு'. எழுதியவர்களில் பெரும்பாலோர் தனிமடலில் சரி என்றுவிட்டீர்கள்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இது விளக்கம், கலைச்சொல் ஆகாது. ஐந்து சொல்லை ஒரு சொல்லின் இடத்தில் வைத்தால் நாளைக்குப் பாடநூல் எழுதுபவர் என்ன செய்வார்? துண்டறிக்கை அப்படியே போகட்டும். குழுவின் சொற்பட்டியலில் கதிர்ப்பாடு ஏற வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தென்காசி, இயற்பியல் ஆசிரியர்:

ஏற்றினால் பக்கத்திலேயே கதிர்படலையும் ஏற்றுங்கள், ஒற்று இல்லாமல்.