கல்லூரி பேஸ்பால் அணிக்கு ஸ்மால் பால் சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியின் பேஸ்பால் அணிக்குப் புள்ளிவிவரம் எடுத்துக் கொடுக்கிறேன். பயிற்சியாளர் முழுக்க ஸ்மால் பால் ஆட விரும்புகிறார், அதாவது பெரிய அடிகளை நம்பாமல் ஒவ்வொரு ரன்னாகச் சேர்ப்பது: பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது), பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), ஹிட் அண்ட் ரன் (பந்து வீசப்படும்போதே பேஸில் இருப்பவர் ஓட, மட்டையாளர் அதை அடிக்க முயல்வது). வேகமாக ஓடும் பையன்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். பந்தைச் சுவருக்கு மேல் அனுப்புகிறவர் ஒருவர்தான். அதனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

என்னை உறுத்துவது பன்ட்தான். மேஜர் லீக் (தொழில்முறை ஆட்டங்களின் உச்ச மட்டம்) கணக்குப்படி, அவுட் எதுவும் இல்லாமல் முதல் பேஸில் ஒருவர் நின்றால் அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.9 ரன் அளவுக்கு எதிர்பார்க்கலாம். பன்ட் ஆடி, ஒரு அவுட்டைக் கொடுத்து, அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினால் அது 0.7 அளவுக்குக் குறைகிறது. ஆனால் கல்லூரியில் ஃபீல்டிங் தவறுகள் அதிகம். அவசரத்தில் எறிந்த பந்து முதல் பேஸைத் தாண்டி உருண்டு ஓடியதை இந்த சீசனிலேயே பலமுறை பார்த்துவிட்டேன். அப்படியானால் அந்தக் கணக்கு இங்கே பொருந்துமா?

2013ல் யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) நல்ல பிட்சிங்கோடு (பந்துவீச்சு) இப்படி ஆடித்தான் ஒமாஹாவில் நடந்த கல்லூரி உலகத் தொடரில் பட்டம் வென்றது. ஆனால் அது, 2011ல் பிபிகார் மட்டைகள் (பந்து தெறிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தரநிலை கொண்டவை) வந்தபின் ஹோம் ரன் வறண்டிருந்த காலம். 2015ல் தையல் தட்டையான, அதிக தூரம் பறக்கும் பந்து வந்தது, அப்புறம் நிலைமை மாறிவிட்டது. எங்கள் பிட்சிங் சுமார்தான். ஒரு ஆட்டத்தில் ஏழெட்டு ரன் போகிறது. ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்து அதைப் பிடிக்க முடியுமா என்பதுதான் என் பயம்.

கல்லூரி அளவில் ஆடியவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: பன்ட்டை எந்த நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்? பேஸ் திருட்டில் எத்தனை சதவீதம் வெற்றி இருந்தால் ஓடவிடலாம்? நான் 75 என்று வைத்திருக்கிறேன். கல்லூரி ஆட்டங்களுக்கான ரன் எதிர்பார்ப்பு அட்டவணை யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள். அடுத்த வாரம் பயிற்சியாளரிடம் பேச வேண்டும்.