பிரிஜிட் லின்: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

கேள்வி (சேலம், அஸ்தம்பட்டி):
மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கிய நம் ஊரில், மாதம் ஓர் அயல்மொழிப் படம் பார்க்கும் சிறு குழுவாக நாங்கள் கூடுகிறோம். அடுத்து தைவான் நடிகை பிரிஜிட் லின் நடித்த படங்களைப் பார்க்க எண்ணியுள்ளோம். எதிலிருந்து தொடங்கலாம்? புகழின் உச்சியில் அவர் விலகியது ஏன்?

பதில் 1 (ஏற்காடு):
ஐயா, 1954இல் பிறந்த அவர், பள்ளிப் படிப்பை முடித்த காலத்தில் தைபே நகரத் தெருவொன்றில் திரைத்துறையினர் கண்ணில் பட்டு, 1973இல் அறிமுகமானார். எழுபதுகளில் காதல் படங்களின் நாயகியாக இருந்தவர், ஹாங்காங் சென்ற பிறகே தம் முழு ஆற்றலைக் காட்டினார் என்பது என் கருத்து. 'பீகிங் ஓபரா புளூஸ்' (1986) படத்தில் படைத்தலைவரின் மகளாக, ஆணுடை தரித்து அவர் நிற்கும் மிடுக்கைப் பாருங்கள், அதிலிருந்தே தொடங்குங்கள். 'ஸ்வார்ட்ஸ்மேன் 2' (1992) படத்தில், வலிமைக்காகத் தன் ஆண்மையைத் துறந்து மெல்லப் பெண்ணாக மாறும் டோங்ஃபாங் புபாய் என்னும் பாத்திரத்தை, வெறும் வில்லனாக்காமல், கண்களாலேயே துயரமும் ஆணவமும் கலந்த மனிதப் பிறவியாக்கினார்.

பதில் 2 (சேலம், சூரமங்கலம்):
1990இல் 'ரெட் டஸ்ட்' படத்துக்காகத் தைவானின் திரைப்பட விருதான தங்கக் குதிரை விருது பெற்றதையும் சேர்க்க வேண்டும். 1994இல் தொழிலதிபர் மைக்கேல் யிங்கை மணந்து நடிப்பிலிருந்து விலகினார். பின்னர் கட்டுரைகள் எழுதி நூல்களாக வெளியிட்டார். அவர் விலகிய 1994இல் வெளிவந்த 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்தில் பொன்னிறப் பொய்முடியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து முகத்தை மறைத்தே நடித்திருப்பதால், அதை இறுதியில் பார்ப்பதே நல்லது.