புதுப்பிப்பு: இவ்வாண்டுப் பயணம் தீவுக்குள்தான்

பால்புதுமையினரான நாம் ஆண்டுதோறும் மோட்டார் சைக்கிள்களில் சேர்ந்து செல்லும் பயணத்தை இம்முறை மலேசியாவின் ஜொகூருக்குக் கொண்டுபோகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இங்கே சிங்கப்பூரில், ஆண்களுக்கிடையேயான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டாலும், கடற்பாலத்துக்கு அப்பால் ஓரினச்சேர்க்கையைத் தண்டிக்கும் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால், ஒருவரைக்கூட அச்சத்தோடு அழைத்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே லிம் சூ காங்கில் தொடங்கி சாங்கி வில்லேஜில் முடிக்கிறோம். சிறிய வண்டிகளுக்கான 2பி ஓட்டுநர் உரிமம் வைத்திருப்போரின் 200 சிசி வண்டிகள் பின்தங்காதிருக்க, அவர்களே முன்னால் செல்வார்கள்.

துணைவியைப் பின்னிருக்கையில் அமர்த்தி வரலாமா என்று தயங்கிக் கேட்ட தங்கையே, தாராளமாக இருவரும் வாருங்கள். அவருடைய தலைக்கவசத்தின் வார் மட்டும் தளராமல் இருக்கட்டும். விடியுமுன் கிளம்புவதால், பெட்ரோலை முந்தைய இரவே அனைவரும் நிரப்பிவிடுங்கள்.