தந்தையின் பெயரிலுள்ள துவக்கை மகன் வைத்திருக்கலாமா?

கேள்வி (ஒட்டுசுட்டான்):
பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதி பெற்று என் தந்தை வைத்திருந்த சொட்கன் துவக்கு, அவர் காலமான பின்னும் வீட்டிலேயே இருக்கிறது. பன்றித் தொல்லை மிகுந்த இக்காலபோகத்தில் (மாரிக்கால நெற்செய்கைப் பருவத்தில்), அதே அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு நான் அதைப் பயன்படுத்தலாமா?

பதில் 1 (வவுனியா):
கூடாது. இலங்கையின் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதி ஆளுக்குரியதேயன்றி வீட்டுக்குரியதன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவும் வேண்டும். முதலில் துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், காணி ஆவணங்கள், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றுடன் மாவட்டச் செயலகத்தில் உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். பொலிஸ் அறிக்கையும் கேட்பார்கள். போருக்குப் பிந்திய வன்னியில் இது விரைவாக நடக்குமென்று நான் நம்பவில்லை.

பதில் 2 (மாங்குளம்):
அனுமதி தாமதமாகிறதென்று கட்டுத்துவக்கு (விலங்கு தட்டியதும் தானாக வெடிக்கும் பொறித் துவக்கு) வைக்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. அது சட்டவிரோதம் என்பதோடு, பன்றிக்குக் கட்டியது விறகுக்குப் போனவரின் காலையும் பதம் பார்த்துவிடுகிறது.

பதில் 3 (நெடுங்கேணி):
அனுமதி கிடைத்தாலும் யானையைச் சுட முடியாது. அது வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. யானையை விரட்டும் ஓசை வெடியான யானை வெடிக்கு வனசீவராசிகள் அலுவலகத்தைக் கேளுங்கள்.